திரௌபதி முதுகில் சுமந்த பைகள்

திருவண்ணாமலை தனி மாவட்டமான எண்பத்தொன்பதாம் வருஷக் கடைசியில் ஊரில் வாடகைக்கு ஒரு கட்டடம் பிடிப்பது பெரும்பாடாக இருந்தது. நாளுக்கொரு அரசு அலுவலகம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் அலுவலகத்துக்குக் கிடைத்தது ஒரு பழைய நெல் மண்டி. மழை பெய்தால் சுவரிலிருந்து தவிட்டு வாசனை வரும். அங்கே இரண்டு தட்டச்சர்கள். ஒருத்தி நான், ஹைமவதி. பே கோபுரத் தெருவில் வீடு. அப்பா அண்ணாமலையார் கோயிலில் பூஜை செய்பவர். இன்னொருத்தி கீழ்பென்னாத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து போகும் திரௌபதி.

அவளுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. என் தோள் உயரம்தான் இருப்பாள். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது என்று மேஜைக்கு அடியில் இரண்டு செங்கல் போட்டு வைத்திருந்தாள். பின்னாளில் நாங்கள் சேர்ந்து மலை ஏறியபோதெல்லாம் எனக்கு முன்னால் நடந்தவள் அவள். அதனால் இன்றைக்கும் அவளை நினைத்தால் முதலில் அந்தச் சின்ன முதுகும் அதில் ஏறியிருந்த பையும்தான் கண்ணுக்கு வரும்.

தொண்ணூறாம் வருஷம் தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தலைமை எழுத்தர் அருணகிரி சார், மகளுக்கு வரன் அமைந்தால் பர்வதமலை ஏறுவதாக வேண்டிக்கொண்டிருந்தார். வரன் அமைந்துவிட்டது. துணைக்கு அலுவலகமே வேன் பிடித்துக் கிளம்பியது. பதினோரு பேரில் பெண்கள் நாங்கள் இரண்டு பேர். எங்கள் வீட்டில் அண்ணாமலை மேல் கால் வைக்கும் வழக்கம் கிடையாது. மலையே ஸ்வாமி, அதை எப்படி மிதிப்பது என்பார் அப்பா. பர்வதமலைக்கு அந்தத் தடை இல்லை. நான் ஏறிய முதல் மலை அது. அவளுக்கும் அதுதான் முதல் மலை.

திரௌபதி கையில் ஒரு ஒயர்கூடை கொண்டுவந்திருந்தாள். பச்சையும் வெள்ளையுமாக அவளே பின்னியது. உள்ளே ஒரு எவர்சில்வர் தூக்கு நிறையப் புளிசாதம், தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு. பாதி மலை வரைக்கும் கூடையைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்கு மேல் பாறை செங்குத்தாக நிற்கிறது. பாறையில் கடப்பாறைகளை அடித்து இறக்கியிருப்பார்கள். அதில் கால் வைத்து, இரும்புச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். அவள் கூடையை முழங்கையில் மாட்டிக்கொண்டு சங்கிலியைப் பிடித்தாள். ஏழெட்டுக் கடப்பாறை ஏறியிருப்பாள். கூடை ஆடி, ஒரு கம்பியில் சிக்கி, அவளைப் பின்னால் இழுத்தது. கீழே நின்ற எனக்கு அவளுடைய ஒரு கால் காற்றில் தொங்குவது தெரிந்தது.

"கூடைய வுடும்மா! கூடைய வுடு!" என்று மேலிருந்து அருணகிரி சார் கத்தினார்.

அவள் கையை நீட்டினாள். கூடை முழங்கையிலிருந்து நழுவி, பாறையில் மோதி, டங் டங்கென்று போய்க்கொண்டே இருந்தது. தூக்கின் மூடி தனியாகப் பறந்தது. புளிசாதம் பாறை முழுக்க மஞ்சளாகச் சிதறியது. 

உச்சிக்குப் போனதும் அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ கோயிலுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேராக வெளியே வந்து நின்றுகொண்டாள். சுற்றிலும் ஏரிகள் பளபளத்தன. தூரத்தில் அண்ணாமலை தெரிந்தது.

"பாரேன் ஹைமா, இங்கருந்து பார்த்தா நம்ம மலை வேற யாரோ மாதிரி இருக்குது."

"கூடை போயிடுத்தே, உனக்கு வருத்தமா இல்லையா?"

"மூணு நாள் உக்காந்து பின்னினது. போனா போவட்டும். மலை ஏற ரெண்டு கையும் வேணும்னு தெரியாம வந்துட்டேன்."

எல்லோருடைய சாப்பாட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் அவளுக்குப் பங்கு வந்தது. சாப்பிடும்போது அருணகிரி சார், "உனக்கு என்னம்மா வேண்டுதல்? கல்யாணமா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல சார். மேலருந்து பார்த்தா எப்பிடி இருக்கும்னு பார்க்க வந்தேன்" என்றாள் திரௌபதி. அவர் அதை நம்பவில்லை. எங்கள் ஊரில் வேண்டுதல் இல்லாமல் மலை ஏறுகிறவர்களை யாரும் நம்ப மாட்டார்கள்.

அவளுக்கு முதல் முதுகுப் பையைக் கொடுத்தவர் எங்கள் அலுவலகக் காவலாளி சடையன். பதினெட்டு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். கூடை விழுந்த கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் காகிதத்தில் சுற்றி ஒரு பச்சை நிறக் கித்தான் பையைக் கொண்டுவந்து அவள் மேஜை மேல் வைத்தார்.

"பட்டாளத்துல இத பிட்டுனு சொல்லுவோம். எல்லாத்தையும் முதுகுல ஏத்திகினு கைய சும்மா வெச்சுக்கணும். துப்பாக்கி புடிக்கறதுக்கு."

"நான் எந்தத் துப்பாக்கிய புடிக்கப் போறேன்?"

"நீ சங்கிலி புடிம்மா."

அந்தப் பையில் பித்தளைக் கொக்கிகளும், எவ்வளவு வெயிலில் போட்டாலும் போகாத ஒரு பூஞ்சை வாடையும் இருந்தன. பட்டாளத்து ஆள் தோளுக்கு வெட்டிய வார்கள் இவள் தோளில் நிற்காமல் இரண்டு பக்கமும் சரிந்தன. பழைய புடவைக் கரையைக் கிழித்து நான்காக மடித்துத் தைத்து, நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டி போட்டாள். அப்புறம் பை நின்றது. ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸில் வந்து, புடவையைத் தூக்கிச் செருகி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் வெள்ளை கேன்வாஸ் ஷூவோடு அண்ணாமலையில் ஏறுவாள். இறங்கிச் செங்கம் ரோடு வழியாக பஸ் நிலையத்துக்கு நடந்து போவாள். ரோட்டோரப் பிள்ளைகள் அவளுக்கு மிலிட்டரி அக்கா என்று பெயர் வைத்தார்கள். திங்கட்கிழமை காலையில் தட்டச்சு மிஷினின் உறையைக் கழற்றிக்கொண்டே அவள் எனக்கு மலையைச் சொல்வாள். எந்தப் பாறையில் என்ன பூத்திருக்கிறது, எந்தச் சுனையில் எவ்வளவு தண்ணீர் என்று. பிறந்ததிலிருந்து அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்த நான், அதன் மேலே என்ன இருக்கிறது என்று அவள் வாயால்தான் தெரிந்துகொண்டேன்.

தொண்ணூற்றிரண்டில் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை இளஞ்செழியன், செங்கம் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அப்பா இல்லை. அம்மா எல்லம்மாள், பேச்சில் கெட்டிக்காரர். டிபன் காபி எல்லாம் முடிந்து, "பொண்ணுகிட்ட ஏதாவது கேக்கணுமா தம்பி?" என்று பெரியவர்கள் கேட்டார்கள். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்தப் பச்சைப் பை எவ்ளோ வெயிட்டு இருக்கும்?" என்று கேட்டாராம்.

கூடத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. திரௌபதிக்குப் புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கடையைத் தாண்டித்தான் அவள் போய்க்கொண்டிருந்தாள்.

"காலியா இருந்தா ரெண்டு கிலோ. நனைஞ்சா நாலு" என்றாள்.

"என்ன பை? எங்க நனைஞ்சுது?" என்று எழுந்தார் அவள் அப்பா. பையை அவள் அலுவலகத்திலேயே விட்டு வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் கிடையாது என்கிற சங்கதியே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கல்யாணம் நடந்தது. மலை நின்றது. "தாலி கட்டின பொண்ணு மூட்டைய முதுகுல போட்டுகினு செங்கம் ரோடுல போனா நான் வெளிய தலை காட்டறதா வேணாமா?" என்றார் எல்லம்மாள். திரௌபதி வாதாடவில்லை. அவள் வாதாடாததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பச்சைப் பை இளஞ்செழியன் கடையில் ஆணியில் தொங்கியது. அதில் பழைய செப்புக் கம்பிகளைப் போட்டு வைத்தார்கள். திங்கட்கிழமைகளில் எங்களுக்குள் பேச்சு குறைந்தது. தொண்ணூற்று மூன்றில் மகள் ஓவியா பிறந்தாள்.

அவர்கள் வீடு ரமணாசிரமத்துக்கு அருகில். மாடி அறையை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். டென்மார்க்கிலிருந்து இங்கர் என்று ஒரு பள்ளி ஆசிரியை வருஷம் தவறாமல் குளிர்காலத்தில் வந்து தங்குவார். அறுபது வயதிருக்கும், தென்னை மரம் மாதிரி உயரம். எல்லம்மாளுக்கும் அவருக்கும் ஒரு வார்த்தை கூடப் பொதுவாகத் தெரியாது. ஆனாலும் மாலையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்பார்கள். எங்கள் பக்கத்தில் அதை மல்லாட்டை என்போம். இங்கர் தமிழில் கற்றுக்கொண்ட ஒரே சொல் அதுதான்.

தொண்ணூற்றைந்தில் ஊருக்குக் கிளம்பும்போது, தோளில் அறுவை சிகிச்சை ஆகியிருப்பதால் இனி கனம் தூக்க முடியாது என்று தன் நீலப் பையைத் திரௌபதிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அலுமினியக் குழாயில் சட்டம், அதில் மாட்டிய பெரிய பை, இடுப்பைச் சுற்றிக் கட்ட அகலமான பெல்ட். எங்கள் ஊரில் வெளிநாட்டுக்காரர் முதுகில் பார்த்திருக்கிறோமே தவிர, தொட்டுப் பார்த்ததில்லை. திரௌபதி அதை மாட்டிப் பார்த்தாள். மேல் சட்டம் அவள் தலைக்கு மேலே போனது. இடுப்பு பெல்ட் தொடையில் நின்றது. பீரோவை முதுகில் கட்டிவிட்ட மாதிரி இருந்தது.

இளஞ்செழியன் அதைக் கடைக்கு எடுத்துப் போனார். மூன்றாம் நாள் திரும்பக் கொண்டுவந்தபோது சட்டம் ஒரு சாண் குறைந்திருந்தது. பையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மடக்கு நாற்காலிப் பட்டையால் ஒரு குட்டி இருக்கை பின்னியிருந்தார். உடம்பில் படுகிற குழாய்களிலெல்லாம் மோட்டார் காயிலுக்குச் சுற்றும் பருத்தி நாடாவை நெருக்கமாகச் சுற்றியிருந்தார். வெயிலுக்கு மறைப்பாக மேலே பாதிக் குடை.

"யாருக்குங்க இது?" என்று கேட்டாள் திரௌபதி.

"ஓவியாவுக்கு. உன்கூட மலைக்கு வரணும்ல."

எல்லம்மாள் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். "கொழந்தைய மூட்டையாட்டம் கட்டி மலைக்கு எடுத்துகினு போறதா? வுழுந்துச்சுனா?"

"வுழாதும்மா. அரை மூட்டை மல்லாட்டைய வெச்சு கட்டி, நானே மாட்டிகினு மாடிப்படி ஏறி எறங்கிப் பார்த்துட்டேன்."

"அப்ப நானும் பின்னாடியே வருவேன். தனியா வுடமாட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எல்லம்மாளே எனக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருக்கிறார். முன்னால் திரௌபதி. அவள் முதுகில் பின்பக்கம் பார்த்தபடி ஒன்றரை வயது ஓவியா. அதற்குப் பின்னால் வெறுங்காலோடு எல்லம்மாள், குழந்தை விழுந்தால் பிடிக்க இரண்டு கையையும் நீட்டியபடி. குழந்தை அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டது. தொப்பியைக் கழற்றிக் கழற்றி எறிந்தது. எல்லம்மாள் குனிந்து எடுத்து, மகனைத் திட்டி, மருமகளைத் திட்டி, மறுபடி கையை நீட்டிக்கொண்டு ஏறினார். அப்படித் திட்டிக்கொண்டே மலைச்சரிவில் இருக்கும் கந்தாஸ்ரமம் வரைக்கும் போய்விட்டார். அங்கே தண்ணீர் குடித்துவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்து கீழே பார்த்திருக்கிறார். கோயில் முழுசாகத் தெரிந்தது. கோபுரங்கள், பிராகாரங்கள், தெப்பக்குளம்.

"கல்யாணம் ஆயி இந்த ஊருக்கு வந்து முப்பது வருஷம் ஆவுது ஹைமாம்மா. கோயில நான் மேலருந்து பார்த்ததே இல்ல. எவ்ளோ பெருசு!"

இறங்கி வரும்போது திட்டவில்லையாம். வீட்டு வாசலில் காலைக் கழுவிக்கொண்டே மருமகளிடம், "அடுத்த ஞாயித்துக்கெழமை இன்னும் கொஞ்சம் சீக்கிரமா கிளம்பணும். வெயில் ஏறிடுது" என்று சொன்னாராம். அதற்கப்புறம் செங்கம் ரோட்டில் அந்த ஊர்வலத்தை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். தலை காட்ட முடியாமல் போகும் என்று பயந்தவர் தலைக்கு ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு பின்னால் நடந்தார்.

ஓவியாவுக்கு நான்கு வயதானதும் இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டாள். இளஞ்செழியன் இருக்கையைப் பிரித்து, பழையபடி நீலப் பையைச் சட்டத்தில் மாட்டிக் கொடுத்தார். அளவாக வெட்டிய சட்டம் அவள் முதுகில் ஒட்டிக்கொண்டது. ஆனால் பையின் வயிறு மட்டும் டென்மார்க் அளவிலேயே இருந்தது. எவ்வளவு போட்டாலும் கொள்ளும்.

அதுதான் வினையாகப் போனது. தொண்ணூற்றெட்டு டிசம்பரில் அலுவலகப் பெண்கள் ஐந்து பேர் ஜவ்வாது மலைக்குப் போனோம். ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் திரௌபதி, "தோள்ல மாட்டறது, கைல தொங்கறதெல்லாம் வேணாம். கனமானத குடுங்க, இதுல இடம் ஜாஸ்தியா இருக்குது" என்றாள். கொடுத்தோம். நான் ஒரு மாற்றுப் புடவை, சால்வை, காபி பிளாஸ்க், ஒரு பெரிய டப்பா தட்டை, குடை எல்லாம் கொடுத்தேன். மற்றவர்களும் அப்படித்தான். கையை வீசிக்கொண்டு, சாமை அறுத்த கொல்லைகளுக்கு நடுவே பாடிக்கொண்டு போனோம். முன்னால் நீலப் பை மட்டும் நடப்பது போல் இருந்தது. அவள் அதற்குள் மறைந்திருந்தாள்.

மூன்றாவது மைலில் ஒரு சரிவு. முந்தின நாள் மழையில் செம்மண் வழுக்கியது. அவள் கால் பத்து அங்குலம்தான் சறுக்கியிருக்கும். பையின் கனம் அவளைப் பக்கவாட்டில் சாய்த்து உட்கார வைத்தது. கூச்சல் போடவில்லை. "எழுந்திருக்க முடியல ஹைமா" என்று மெதுவாகச் சொன்னாள். பக்கத்து மலைக் கிராமத்து ஆட்கள் ஒரு கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து, அவளைப் படுக்க வைத்து, ரோடு வரைக்கும் தூக்கி வந்தார்கள். எங்கள் சாமான்களை நாங்கள் பிரித்து எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பின்னால் நடந்தோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

முதுகுத் தட்டு விலகியிருக்கிறது என்றார் டாக்டர். நான்கு மாதம் படுக்கை. இரண்டு வருஷம் மலை ஏறக் கூடாது. கனம் தூக்கவே கூடாது.

நான் வாரத்துக்கு இரண்டு நாள் போய்ப் பார்ப்பேன். ஊர்க்கதை, அலுவலகக் கதை எல்லாம் பேசுவோம். சொல்ல வந்ததை மட்டும் சொல்லாமல் திரும்புவேன். இரண்டாவது மாதம் ஒருநாள் அழுதுவிட்டேன்.

"அந்தக் குடை எதுக்குடி எனக்கு? மேகமே இல்ல அன்னிக்கு. தட்டை டப்பா வேற. எல்லாத்தையும் உன் தலைல கட்டினேன்."

அவள் படுத்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"நீ குடுத்த. நான் கேட்டு வாங்குனேன். வாங்கும்போது எனக்கு எவ்ளோ பெருமையா இருந்துச்சு தெரியுமா? எல்லாரையும் விட குள்ளமா இருந்துகினு எல்லாருதையும் தூக்கறேன்னு." பிறகு, "தட்டை நல்லா இருந்துச்சா, சொல்லு. எனக்கு ஒண்ணு கூட வரல" என்றாள். நான் அழுகையோடு சிரித்தேன்.

அந்த இரண்டு வருஷமும் எல்லம்மாள் மலையை விடவில்லை. ஞாயிறு காலையில் ஓவியாவைக் கையில் பிடித்துக்கொண்டு போய்விட்டு வந்து, மருமகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொல்வார்: "சுனையில தண்ணி கம்மி. மலைல மரம் நடறவங்க நட்டு வெச்ச செடியெல்லாம் இடுப்பு ஒசரம் வந்துடுச்சு. கல்லு மேல ஒரு உடும்பு." திரௌபதி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். நானும் பல நாள் கூட உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

மறுபடி மலை ஏறலாம் என்று டாக்டர் சொன்னதும் அவள் முதலில் போனது பஸ் நிலையத்துக்கு வெளியே உட்காரும் கன்னியம்மாளிடம். கன்னியம்மாள் ஒரு தையல் மிஷினை நடைபாதையில் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பை தைப்பது, ஜிப் மாற்றுவது என்று இருந்தவர். திரௌபதி தன் முதுகை அளந்து காக்கித் தாளில் வெட்டிய மாதிரியை அவர் முன்னால் விரித்தாள். நானும் கூட இருந்தேன்.

"என்னாம்மா இது, எல்கேஜி புள்ளைக்கா?"

"எனக்குத்தான்கா."

"பெருசா தச்சுக்கம்மா. நாலு சாமான் புடிக்கும்."

"நாலு சாமான் புடிக்கக் கூடாதுனுதான்கா சின்னதா கேக்கறேன்."

கன்னியம்மாள் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கறுப்புக் குடைத்துணியில் பை. வாருக்குள் பழைய ஸ்கூட்டர் சீட்டின் ஸ்பாஞ்சு. முதலில் தைத்தது கழுத்தை அறுத்தது. இரண்டாவது தடவை பை இடுப்பில் போய் மோதியது. கன்னியம்மாள் முனகிக்கொண்டே பிரித்துப் பிரித்துத் தைத்தார். நாலாவது தடவை மாட்டிக்கொண்டு திரௌபதி பஸ் நிலையத்தை ஒரு சுற்று நடந்து வந்தாள். சரி என்று தலையை ஆட்டினாள். பக்கத்துக் காய்கறிக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தபோது பை கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

"எனக்கும் ஒண்ணு தச்சுக் குடுங்கோ" என்றேன் நான். திரௌபதி திரும்பிப் பார்த்தாள். 

இரண்டாயிரத்து இரண்டு தை மாதம் நாங்கள் இருவர் மட்டும் பர்வதமலை ஏறினோம். என் சாமான் என் முதுகில். எலுமிச்சை சாதம், தண்ணீர், ஒரு சால்வை. அவ்வளவுக்கே எனக்கு மூச்சு வாங்கியது. முப்பத்தெட்டு வயதில்தான் என் சாப்பாட்டின் கனம் எவ்வளவு என்று எனக்குத் தெரிந்தது. திரௌபதி வேகமாக நடக்கவில்லை. நூறு அடிக்கு ஒருமுறை நின்று, முதுகை ஏதோ கேட்பது போல் கொஞ்சம் அசைத்துப் பார்த்துவிட்டு நடந்தாள். கடப்பாறைப் பாதைக்குக் கீழே இருபது நிமிஷம் உட்கார்ந்தாள். திரும்பிவிடலாமா என்று நான் கேட்கவில்லை. அவளாகவே எழுந்து சங்கிலியைப் பிடித்தாள்.

உச்சியில் காற்று புடவையைப் பறித்துக்கொண்டு போகிற மாதிரி அடித்தது. அவள் தன் பையைத் திறந்து தண்ணீரையும் ஒரு பொட்டலம் பொரியையும் எடுத்து வைத்தாள்.

"இவ்ளோதானா உன் சாப்பாடு?"

"நீ ஜாஸ்தியா கொண்டாந்திருப்பனு தெரியும். கனமா இருந்துச்சில்ல? குடு, கொறைச்சுத் தரேன்."

என் எலுமிச்சை சாதத்தில் பாதிக்கு மேல் அவள்தான் சாப்பிட்டாள். அவ்வளவு ருசித்து யாரும் என் சமையலைச் சாப்பிட்டதில்லை.

அதன் பிறகு அலுவலகத்தில் ஒவ்வொருத்தியாகக் கன்னியம்மாளிடம் போனார்கள். கிரிவலம் வருகிறவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். மிஷினுக்கு மேலே கயிறு கட்டி வரிசையாகக் கறுப்புப் பைகளைத் தொங்கவிட்டார் கன்னியம்மாள். மலைப் பை என்று அட்டையில் எழுதி வைத்தார். எல்லம்மாள் இரண்டாயிரத்து ஐந்தில் காலமானார். அதற்கு முந்தின மாதம் வரைக்கும் ஏறிக்கொண்டிருந்தார். அவர் பை வைத்துக்கொண்டதே இல்லை. வெற்றிலைப் பையை இடுப்பில் செருகியிருப்பார், அவ்வளவுதான்.

இளஞ்செழியன் ஒருமுறை பெங்களூருக்கு மோட்டார் சாமான் வாங்கப் போனவர், மனைவிக்கு ஒரு புதுப் பை வாங்கி வந்தார். காற்று போக வலை, தண்ணீர் உறிஞ்சக் குழாய், எல்லாம் இருந்தது. அவர் மனம் நோகக்கூடாதென்று மூன்று வாரம் போட்டுக்கொண்டாள். பிறகு ஓவியாவிடம் கொடுத்துவிட்டாள்.

"ஏன், நன்னாதானே இருந்தது?" என்று கேட்டேன்.

"பதினோரு ஜிப்பு ஹைமா. தண்ணி எதுல இருக்குதுனு தேடறதுக்குள்ள தாகமே போயிடுது."

இரண்டாயிரத்து ஏழில், அதுவரை உள்ளூரிலேயே வேலையில் இருந்த என் கணவருக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. நானும் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு நங்கநல்லூருக்கு வந்துவிட்டேன். மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. வந்த புதிதில் காலையில் எழுந்ததும் மேற்கே பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. பிறந்தது முதல் ஒரு மலையைப் பார்த்தே விடிந்தவளுக்கு அது என்ன விதமான வெறுமை என்று சொல்லத் தெரியவில்லை.

அதே வருஷம் திரௌபதி ஒரு செல்போன் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை ஏழு ஏழரை மணிக்கு மலையிலிருந்து கூப்பிடுவாள். கந்தாஸ்ரமத்தில் சிக்னல் கிடைக்காது, அதற்கு மேலே போனால் கிடைக்கும் என்பாள். போன கார்த்திகைக்கு முந்தின வாரமும் கூப்பிட்டாள். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு போனை எடுத்தேன். முதலில் மூச்சு வாங்கும் சத்தம்தான் கேட்டது.

"எங்க இருக்க?"

"ஏழு சுனைக்கு மேல. காத்து கேக்குதா?"

கேட்டது. நான் கால் வைக்காத மலையின் காற்று.  பால் பொங்கப் போகிறது என்று அடுப்பை அணைத்தேன்.

"பையில என்ன வெச்சிருக்க?" என்றேன். எப்போதும் கேட்பதுதான்.

"தண்ணி. ரெண்டு வாழப்பழம். இரு இரு... ஏய்! ஒண்ணுதான் இருக்குது ஹைமா. பேசிகினு இருக்கும்போதே குரங்கு ஒண்ண எடுத்துகினு போயிடுச்சு."

சொல்லிவிட்டு அவள் குரங்கைத் திட்ட ஆரம்பித்தாள். அப்படியே எல்லம்மாள் திட்டுவது போலவே இருந்தது. நான் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.